அக்கா பக்கத்துப் பிரேக்

1

இந்தக் கதை எனக்கு ஒரு காரின் பின்சீட்டில் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை. ராத்திரி ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு, பகலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே ஒரு வழக்கம். ஒரே காரில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பாதி வழியில் இடம் மாறுவார்கள். அதற்குப் பிறகு உயிரைப் பிடிப்பது அடுத்தவர் பாடு.

கதைக்குள் போகும் முன் ஒரே ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் இருக்கும்.* அதற்கும் ஓட்டுபவருடைய பெடலுக்கும் நடுவே ஒரு கம்பி. அந்தப் பக்கம் மிதித்தால் இந்தப் பக்கமும் இறங்கும். கார் நிற்கும். கற்றுக்கொள்பவன் தானே நிறுத்தியதாக நினைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

* கிளட்சும் உண்டு. கதைக்குத் தேவையில்லாததால் கழற்றிவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"காலம் என்பது மனிதனின் கையில் இல்லை. அது ஒரு —"

அடித்துவிட்டேன். இப்படிப் பேசுகிறவனோடு நானே காரில் ஏற மாட்டேன்.

இரண்டாவது முறை:

"விடியலின் மெல்லிய ஒளி சாலையில் படரத் தொடங்கியபோது, அவள் தன் வாழ்வின் மிக முக்கியமான —"

விடியலாவது ஒளியாவது. வகுப்பு ஆரம்பிக்கும்போதே வெயில் மண்டையைப் பிளக்கும். ஏசி வேலை செய்யாது.

மூன்றாவது முறை:

"'பிரேக்!' என்று கத்தினாள்."

இது இருக்கட்டும். பொய்யில்லாத வாக்கியம்.

3

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் 'பிரேக் அக்கா' என்பார்கள். நான் சேர்வதற்கு முன்பே அந்தப் பெயர் இருந்தது. (நேரில் அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். கதைக்குள் 'அவள்' என்று எழுதப் போகிறேன். மரியாதைக் குறைவில்லை. ஒருவருடைய மனதுக்குள் போவதென்றால் சிலவற்றை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது.)

நாற்பதைத் தாண்டியவள், கல்யாணமாகாதவள். தங்கை வீட்டின் மாடியில் குடியிருந்தாள். அவளுடைய வலது கால் அந்தப் பெடலை விட்டு நகர்ந்து யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் போனாலும் முன்சீட்டின் கம்பியை மிதிப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் மூன்றாவது தடவையாக "கடைசியாக ஒன்று" என்று சொல்லும்போது அந்தக் கால் தானாகவே முன்பெஞ்சின் அடிக்கட்டையை அழுத்தும். அவர் நின்றதில்லை.

இருபதுகளில் ஒருவனுக்கு அவசரமாகச் சரி சொன்னாள். நிச்சயம் முடிந்த கையோடு அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு முடிவெடுத்தாள், இனி ஆண்டவர் கொடி காட்டாமல் ஓரடி எடுத்து வைப்பதில்லை என்று. வீடு மாறுவதிலிருந்து கடைவாய்ப் பல் பிடுங்குவது வரை எல்லாவற்றுக்கும் அடையாளம் கேட்டாள். பல தடவை கிடைத்தது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. இந்த வேலையே அப்படி வந்ததுதான். கிடைத்த வேலையையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு ஒரு வருடம் சும்மா காத்திருந்தாள். சொந்தக்காரர்கள் பைத்தியம் என்றார்கள். பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று ஸ்கூல் ஓனரே வீடு தேடி வந்தார். பிறகு ஆண்களும் அவளிடமே கற்றுக்கொள்ள வந்தார்கள்.

"மூளையையும் அதே ஆண்டவர்தான்க்கா குடுத்தாரு. அதையும் ஒருதடவ கேட்டுப் பாரேன்" என்பாள் தங்கை.

"அது ரொம்ப வேகமா பதில் சொல்லுதுடி. அதான் பயமா இருக்கு."

இன்னொரு பழக்கமும் உண்டு. வாய்விட்டு ஜெபிப்பாள். சத்தமாக இல்லை, முணுமுணுப்பாக, ஆண்டவர் டாஷ்போர்டில் உட்கார்ந்திருப்பது போல. "ஆண்டவரே, இந்தத் தம்பி மூணாவது கியர்ல இருந்து நேரா ஒண்ணுக்கு வர்றானே, பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?" ஓட்டுகிறவனுக்குப் பயத்தில் எதுவும் கேட்காது. பின்சீட்டில் துல்லியமாகக் கேட்கும். இந்தக் கதையில் அவள் மனதுக்குள் நடப்பதாக நான் எழுதுவதெல்லாம் அப்படி வந்ததுதான். எனக்கு எழுத்துத் திறமை எல்லாம் கிடையாது. காது நன்றாகக் கேட்கும்.

4

என்னோடு சேர்ந்து கற்றுக்கொண்டவர் பல்செட்காரர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்களுக்கு, ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பல் செய்பவர். மனைவி இறந்து சில வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. அக்கா போகிற அதே சபை, கடைசி பெஞ்ச், சுருதியோடு சேராத குரல். மேல்வரிசையில் அவருக்கே ஒரு முன்பல் கிடையாது. சிரித்தால் கையால் மறைத்துக்கொள்வார்.

"ஊருக்கெல்லாம் பல்லு செய்றீங்க. உங்களுக்கு ஒண்ணு செஞ்சுக்கக் கூடாதா சார்?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"நேரம் வரணும் மேடம்."

"பல்லுக்கு என்ன சார் நேரம்?"

"அடுத்தவங்க வாய்னா டக்குனு அளவு புரியுது. என் வாய்னா யோசனையாவே இருக்கு."

அவர் கல்யாணம் கேட்டது ரிவர்ஸ் எடுக்கும்போது. இரண்டு தகர டிரம்களுக்கு நடுவே காரைப் பின்னால் கொண்டுபோக வேண்டும்.

"மேடம், ஒண்ணு கேட்கணும்."

"கண்ணாடிய பாருங்க."

"பார்த்துட்டுத்தான் கேட்கறேன். என்னைக் கட்டிக்குவீங்களா?"

அக்கா பிரேக்கை மிதித்தாள். கார் ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகி நின்றது. நான் பின்னால் தூங்குவதுபோல் பாவனை செய்தேன். ராத்திரி ஷிஃப்டில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"முதல்ல வண்டிய வெளிய எடுங்க சார்" என்றாள்.

எடுத்தார். டிரம்மில் படவில்லை.

"ஜெபம் பண்ணிட்டுத்தான் சொல்வேன்."

"பண்ணுங்க மேடம். நானும் பண்ணிக்கிட்டு இருக்கேன். எனக்குச் சரின்னுதான் வருது. உங்களுக்கு என்ன வருதுன்னு பாருங்க."

5

இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. மனிதராக இல்லை, பாத்திரமாக. இவ்வளவு நல்லவரைக் கதையில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு வரைவில் அவருக்குக் குடிப்பழக்கம் கொடுத்துப் பார்த்தேன். பாட்டிலை எங்கே வைப்பதென்று அவருக்கே தெரியவில்லை. எடுத்துவிட்டேன். இன்னொன்றில், ஓசியில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான் கல்யாணம் கேட்டார் என்று —

வேண்டாம். இருக்கிற குறைகளே போதும். நிறுத்தி வைத்த வண்டிகளைப் பார்த்து ஹார்ன் அடிப்பார். திருப்பத்தில் கார் சரியாகத் திரும்பாவிட்டால் ஸ்டியரிங்கோடு வாதாடுவார். மனிதர்களைப் பற்களாகத்தான் பார்ப்பார். "சார், ஆளு வர்றாங்க, ஆளு!" என்று அக்கா அலறினால், "தெரியும் மேடம், மேல்தாடை செட்டு. போன வருஷம் நான் செஞ்சதுதான்" என்பார். இப்படி ஒருவரைக் கட்டிக்கொள்வது சுலபமான முடிவு இல்லை. அக்கா யோசித்ததில் நியாயம் இருக்கிறது.

6

அக்காவின் சபையில் சிறப்புக் கூட்டங்கள் நடந்த வாரம் அது. விடாமல் மழை. கூட்டம் முடிந்த மறுநாள் காலை பல்செட்காரரை அவருடைய மாடிப்படி வாசலில் இறக்கிவிட்டோம். அவர் போனதும் அக்கா கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்.

"ஆண்டவரே, நேத்து கூட்டத்துல கேட்டதையே திரும்பக் கேட்கறேன். இவர்தான்னா, நான் பிரேக்க மிதிச்சு நிறுத்தாம ஒரே ஒரு நாள் இவர் வண்டிய ஓட்டிக் காட்டணும். அன்னிக்கே சரின்னு சொல்லிடறேன். அதுவரைக்கும் உங்க நேரம் வரலைன்னு எடுத்துக்கறேன். ஆமென். தம்பி, முன்னாடி வா. உன் முறை."

கவனித்தீர்களா? அடையாளத்தை ஆண்டவரிடம் கேட்டாள். அதைத் தடுக்கக்கூடிய காலைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஒரே கதைதான். தெரு முனை வரும். "பிரேக்!" என்று கத்துவாள், அதே நொடியில் மிதிப்பாள். கார் நிற்கும். "இன்னிக்கும் இல்ல ஆண்டவரே" என்று பெருமூச்சு விடுவாள். ஒருநாள் தண்ணீர் லாரி ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கை நுழையாத இடைவெளியில் கார் நின்றது.

"நான் மட்டும் மிதிக்கலன்னா இந்நேரம் நீங்க லாரிக்குள்ள, சார்!"

"ஆமா மேடம். ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

எனக்கும் அதே கதிதான். நானும் தினமும் நன்றி சொன்னேன்.

பல்செட்காரர் ஒருமுறைகூட நெருக்கவில்லை. "வந்துச்சா மேடம்?" என்று மட்டும் கேட்பார். "இன்னும் நேரம் வரல சார்." "சரி, ரைட்டுல எடுக்கவா?" இப்படியே போயிருக்கும். ஆனால் தூரத்து ஊரில் பெரிய பல் லேப் ஒன்று அவரை வேலைக்குக் கூப்பிட்டது.

"உங்கள அவசரப்படுத்தல மேடம். ஆனா அவங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பதில் சொல்லியாகணும். நீங்க வேணாம்னா போயிடறேன். சரின்னா இங்கயே இருக்கேன். இன்னும் தெரியலன்னாலும் போகத்தான் வேணும். இங்க வேலை கொறஞ்சுபோச்சு."

அன்றைக்கு அக்கா வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எதையும் முணுமுணுக்கவில்லை. ஓட்டியது நான். அவள் 'பிரேக்' என்றுகூடக் கத்தவில்லை, சும்மா மிதித்தாள். கடைசியில் வண்டியை நிறுத்திய பிறகு ஒரே ஒரு வரி மட்டும் கேட்டது.

"அவர் போயிட்டா அதுவும் உங்க நேரம்தானா ஆண்டவரே? இல்ல என் கால்தானா?"

7

(காத்திருப்பதைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுத வேண்டும். பிடிக்காதவர்கள் தாண்டிக்கொண்டு போகலாம்.)

காத்திருப்பது எனக்குத் தெரியும். ஒரு குடோனில் இரவு முழுவதும் கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எதுவும் நடக்காத கதவுகள். நான் கண்ணிமைக்காமல் பார்த்த நாட்களிலும் பொழுது விடிந்தது, தூங்கி விழுந்த நாட்களிலும் விடிந்தது. நான் விழித்திருந்ததற்கும் விடிந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று புரிந்தபோதுதான் வேலையை விட்டேன். உண்மையில் நம்பிக் காத்திருக்கிறவன், காரின் பின்சீட்டில் குழந்தை தூங்குவதுபோல் தூங்கிவிடுவான் என்று நினைக்கிறேன். கால் விறைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பதும் காத்திருப்புதான். ஆனால் அதில் யார் யாரை நம்பி —

பத்தி முடியவில்லை. சனிக்கிழமை வந்துவிட்டது.

8

சனிக்கிழமை காலை கிளம்பிய கொஞ்ச நேரத்தில் டயர் பஞ்சர். ஸ்டியரிங்கில் பல்செட்காரர், பின்னால் நான். தள்ளாத குறையாக மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மெக்கானிக் டயரைக் கழற்றிவிட்டு, கையைத் துடைத்தபடி அக்கா பக்கத்துக் கதவைத் திறந்து கீழே குனிந்து பார்த்தார்.

"என்னக்கா, இன்னும் கம்பிய மாட்டலையா?"

"எந்தக் கம்பி?"

"உங்க பிரேக்கு கம்பி."

"என் பிரேக்குக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு."

மெக்கானிக் சுவரைக் காட்டினார். ஆணியில் ஒரு பழைய பெல்ட்டுக்கும் அழுக்குத் துணிக்கும் நடுவே ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்குக் கீழ வேலை பார்க்கறப்ப கிளிப்பு ஒடைஞ்சு போச்சுன்னு கழட்டினேன்ல? புதுக் கிளிப்பு வாங்கிட்டு வாங்க, மாட்டித் தர்றேன்னு ஓனர்கிட்ட சொன்னேனே. அதுவரைக்கும் கிளாசுக்கு எடுக்காதீங்கன்னும் சொன்னேன்."

"அவர் என்கிட்ட சொல்லவே இல்லையே."

"அடக் கடவுளே."

"நான் தெனமும் மிதிக்கறேன்டா! இறங்குதே!"

"ஸ்பிரிங் இருக்குல்லக்கா. மிதிச்சா இறங்கும், விட்டா ஏறும். அவ்ளோதான். அதுக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்ல."

அக்கா தன் வலது காலைப் பார்த்தாள். கூடவே இருந்து கழுத்தறுத்த உறவுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"தண்ணி லாரி" என்றாள்.

"ஆமா மேடம்" என்றார் பல்செட்காரர்.

"அன்னிக்கு நிறுத்தினது யாரு?"

"நீங்கன்னுதானே நெனச்சேன்."

"நான் இல்ல சார்!"

"அப்ப நானா?" அவர் முகத்தில் உலகத்தில் இல்லாத ஆச்சரியம். "நானா மேடம்?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அப்படியென்றால் நான் ஓட்டும்போது நிறுத்தியதும் நான்தான். இத்தனை நாளும் நான் ஒரு டிரைவர், எனக்கே தெரியாமல். எனக்குச் சிரிப்பு கிளம்பியது.

அக்கா ஒரு பழைய டயரின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கழட்டினது எப்போ?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"உங்க சபையில கூட்டம் நடந்துச்சே, மழை ஊத்திச்சே, அந்த வாரம்தான். கூட்டம் முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் வண்டிய விட்டுட்டுப் போனீங்க. மறுநாள் விடியக்காலையில ஓனர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். டயர் குலுங்கியது. "ஆண்டவரே" என்றாள், மறுபடி சிரித்தாள். "நான் காலைத் தூக்க மாட்டேன்னு தெரிஞ்சு கம்பியையே உருவிட்டீங்களா?"

மெக்கானிக் பல்செட்காரரிடம் தாழ்ந்த குரலில், "அக்காவுக்குத் தண்ணி குடுக்கவா சார்?" என்று கேட்டார்.

"குடு. எனக்கும் குடு" என்றார் அவர்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு உண்மையைச் சொல்லுங்க சார். நான் கத்தினதைக் கேட்டு நின்னீங்களா, நீங்களா பார்த்து நின்னீங்களா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "ரெண்டும்தான் மேடம். சில நேரம் நீங்க கத்தறதுக்கு முன்னாடியே கால் போயிடும். சில நேரம் உங்க சத்தம் கேட்டுத்தான் போகும். ஆனா ஒண்ணு, நாம ரெண்டு பேரும் ஒண்ணா மிதிக்கறோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது நல்லாருந்துச்சு."

(இந்த வசனத்தை வெட்டத்தான் நினைத்தேன். இல்லாத பல் வழியாகக் காற்றோடு வந்ததால் விட்டுவிட்டேன்.)

"கம்பி இருந்தா நான் நிறுத்தினதாதான் ஆகும் சார்" என்றாள் அக்கா மெதுவாக. அவரிடம் சொன்னாளா, அவருக்கு மேலே இருந்தவரிடம் சொன்னாளா தெரியவில்லை. "கம்பி இல்லாம நின்னாத்தானே சொல் கேட்டதா ஆகும்."

9

வாசகரே, அந்த வாரம் உங்களை உறுத்துகிறது. எனக்கும்தான். அவள் ஜெபித்ததற்கு மறுநாள் காலையே கம்பி இல்லாத வண்டி வந்து நின்றது என்றால் கதை சொல்கிறவன் கையில் பசை ஒட்டியிருப்பது தெரிந்துவிடும். அதனால் ஒரு வரைவில் கம்பியை இரண்டு மாதம் முன்பே கழற்ற வைத்தேன். நம்பும்படி இருந்தது, கதை உப்புச்சப்பில்லாமல் போனது. இன்னொன்றில் ஜெபத்தைத் தள்ளிப்போட்டேன். அக்கா அதற்கு உடன்படவில்லை. கூட்டம் நடந்த வாரம் என்றால் கூட்டம் நடந்த வாரம்தான்.

மறதிக்கார ஓனர், உடைந்த கிளிப், மழை. இவ்வளவுதான் என்று சொல்வீர்கள் என்றால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் பதில் வர வேண்டும் என்றால் அது இப்படிப்பட்ட ஆட்கள் வழியாகத்தானே வந்தாக வேண்டும்? வேறு ஆட்கள் யார் இருக்கிறார்கள்?

அக்கா கேட்ட நாளிலேயே பதில் வந்துவிட்டது. அவளுக்குக் கேட்டது சனிக்கிழமை. இதில் எது ஆண்டவருடைய நேரம்? வந்த நேரமா, கேட்ட நேரமா? ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் லாரியைப் பார்த்ததும் அவள் காரை விட்டே குதித்திருப்பாள். அவரும் தன்னால் நிறுத்த முடியும் என்று என்றைக்கும் அறிந்திருக்க —

விடுங்கள். இதற்கு மேல் எழுதினால் பிரசங்கம். நானே முன்பெஞ்சை மிதிக்க ஆரம்பித்துவிடுவேன்.

10

"கம்பிய மாட்டு" என்றாள் அக்கா.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கம்பி இல்லாமலேயே ஓட்டச் சொல்வாள், பெரிய விசுவாசக் காட்சியாக எழுதலாம் என்று பேனாவைத் தீட்டி வைத்திருந்தேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வேடிக்கையா தம்பி? ரோட்ல ஜனங்க நடக்கறாங்க."

மெக்கானிக் பஞ்சரை ஒட்டி டயரை மாட்டிவிட்டு, வேறொரு வண்டியிலிருந்து கிளிப்பைக் கழற்றி வந்து கம்பியையும் மாட்டினார். அக்கா மிதித்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்துப் பெடலும் இறங்கியது. இரண்டு தடவை, மூன்று தடவை. சரியாக இருந்தது.

எல்லோரும் ஏறினோம். கார் ஷெட்டை விட்டு வெளியே வந்தது. அப்போது அக்கா செருப்பைக் கழற்றினாள். முதலில் இடது கால், பிறகு வலது. இரண்டையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள், சோபாவில் டிவி பார்ப்பதுபோல்.

பல்செட்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். "மேடம், கால்..."

"என் கால் என்கிட்டதான் இருக்கு. நீங்க ரோட்ட பாருங்க."

"பிரேக்கு வேலை செய்யுதுல்ல?"

"நல்லா செய்யுது."

"தேவைப்பட்டா மிதிப்பீங்கல்ல?"

"தேவைப்பட்டா மிதிப்பேன். ஓட்டுங்க சார்."

ஓட்டினார். யாரும் கத்தவில்லை, யாரும் தடுக்கவில்லை. இஷ்டத்துக்குப் போகலாம். அந்த மனிதர் தன் வாழ்க்கையிலேயே அன்றைக்கு ஓட்டியதுபோல் பணிவாக ஓட்டியிருக்க மாட்டார். பள்ளத்தை ஒதுக்குவதற்குக்கூட இண்டிகேட்டர் போட்டார். நிற்கிற வண்டிகளுக்கு ஹார்ன் அடிக்கவில்லை. தெருமுனையில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு நாயை முன்னால் போகச் சொன்னார். நாய்க்கே சங்கடமாக இருந்தது. சிக்னலில் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், குலுங்காமல், வெண்ணெயில் இறங்கிய கத்திபோல் நின்றார்.

சுதந்திரம், கீழ்ப்படிதல் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் தூங்கியிருக்கிறேன். அந்தப் பின்சீட்டில் மட்டும் தூக்கம் வரவில்லை. பிரேக் வேலை செய்கிறது. பிரேக்குக்குச் சொந்தக்காரி காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் காற்று வாங்குகிறாள். அதனாலேயே ஒரு மனிதன் இவ்வளவு ஒழுங்காகப் போகிறான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்ன தம்பி?" என்றாள் அக்கா. "ஒண்ணுமில்லக்கா" என்றேன். அவளும் சிரித்தாள். ஓட்டியவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

அவருடைய மாடிப்படி வாசலில் கார் நின்றது. அக்கா சொன்னதும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாவியைத் திருப்பி எடுத்தார். அக்கா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவரும் இறங்கினார்.

11

கண்ணாடிகள் ஏறியிருந்தன, சாவி அவர் கையில் இருந்ததால் என்னால் இறக்கவும் முடியவில்லை. அதனால் அங்கே பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. இந்தக் கதை முழுக்க என்னைக் காப்பாற்றிய காது அங்கேதான் கைவிட்டது. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம். அவர் தலையை ஆட்டினார். அக்கா இன்னொன்றும் சொன்னாள், தன் காலைக் காட்டி. அவர் சிரித்தார். வாயை மூடிக்கொள்ளக் கை பாதி தூரம் வந்தது, அப்படியே நின்றது, கீழே இறங்கிவிட்டது. அந்தப் பல் இல்லாத இடம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

சரி சொன்னால் ஒரு மனிதன் அப்படிச் சிரிக்கலாம். இல்லை என்று சொன்னாலும், இனி மறைக்க ஒன்றுமில்லை என்கிறபோது அப்படிச் சிரிக்கலாம். அவர் படியேறிப் போனார், பதில் சொல்லவேண்டிய போனைப் பையிலிருந்து எடுத்தபடி.

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: ஆலய வாசல், பூக்கள், மாப்பிள்ளையே ஓட்டுகிற கார், கிளட்சை விட்டதும் அது ஆஃப் ஆகி —

இன்னொன்று: காலியான மாடி அறை, கடைசி பெஞ்சில் சுருதி சேராத குரல் இல்லாத ஒரு ஞாயிறு, அக்கா அழாமல் —

இரண்டும் நன்றாகத்தான் வந்தன. அதுதான் பயமாக இருந்தது. திங்கட்கிழமை ஓட்டும்போது அக்காவிடமே கேட்டேன்.

"என்னக்கா சொன்னீங்க அவர்கிட்ட?"

"ரோட்ட பாருடா" என்றாள். கால் சீட்டின் மேல் இருந்தது. முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு நேரம் என் பக்கத்தில் ஒரு பெடல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அடைப்புக்குறி, அடிக்குறிப்பு, பாதியில் வெட்டிய வாக்கியம், எல்லாம் நான் மிதித்ததுதான். மிதித்தால் இறங்கியது, விட்டால் ஏறியது. அக்கா தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதற்கு வேண்டிய எல்லாம் உங்களிடம் இருக்கிறது. வழியும் தெரியும், வண்டியும் ஓடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டேன். காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன்.

ஓட்டுங்கள்.